எம்எக்ஸ்-5 காருக்கு ஷார்ட் ஷிஃப்டர்: லீவரை மாற்றும் முன் அதன் அடியைப் பாருங்கள்

மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் பழைய கியர் லீவரைக் கழற்றிவிட்டு, கை நகரும் தூரத்தைக் குறைக்கும் ஷார்ட் ஷிஃப்டர் லீவரைப் போட காரை ஜாக்கியில் ஏற்ற வேண்டாம், அடியில் படுக்க வேண்டாம், கியர் பாக்ஸை இறக்க வேண்டாம். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவில் மேலிருந்தே முழு வேலையும் முடிந்துவிடும். பழகிய கைக்கு ஒன்றரை மணி நேரம் போதும். முதல் தடவை என்றால் அரை நாளை ஒதுக்கி வையுங்கள்.

இங்கே சொல்வது 1989இல் சிகாகோ மோட்டார் கண்காட்சியில் அறிமுகமான முதல் தலைமுறைக்கும், 1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறைக்கும் பொருந்தும். அதிலும் ஐந்து கியர் பாக்ஸுக்கு மட்டும். இரண்டாம் தலைமுறையில் சில கார்களுக்கு ஆறு கியர் பாக்ஸ் உண்டு. அதன் லீவர் வேறு, உள்ளே இருக்கும் சாமான்களும் வேறு. பொருள் வாங்கும் முன் கியர் தலையில் பொறித்திருக்கும் எண்களை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். தலை எப்போதோ மாற்றப்பட்டிருந்தால், ஆறாவது கியர் விழுகிறதா என்று போட்டே பார்த்துவிடுங்கள்.

முன்சக்கரம் இழுக்கும் பெரும்பாலான கார்களில் லீவருக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே கேபிள்கள் ஓடும். எம்எக்ஸ்-5இல் அந்த இடைத்தரகர் இல்லை. லீவரின் கீழ்முனை கியர் பாக்ஸுக்குள் இருக்கும் கம்பியை நேராகப் பிடித்துத் தள்ளுகிறது. இந்தக் காரின் கியர் உணர்வைப் பலரும் கொண்டாடக் காரணம் இதுதான். ஆனால் அந்தக் கீழ்முனையைச் சுற்றி ஏதாவது தேய்ந்தாலோ காய்ந்தாலோ, அதுவும் அப்படியே உங்கள் உள்ளங்கைக்கு வந்து சேரும்.

லீவர் இறங்கும் கழுத்துப் பகுதிக்கு டரெட் என்று பெயர். ஐந்து கியர் பாக்ஸில் இது தனி எண்ணெய்க் கிண்ணம். கியர் பாக்ஸின் 2 லிட்டர் எண்ணெயை எத்தனை முறை மாற்றினாலும் இந்தக் கிண்ணத்துக்கு ஒரு சொட்டுகூட வராது. இதற்கென்று தனியாக 80 முதல் 95 மி.லி. ஊற்ற வேண்டும். இது தெரியாமலேயே கைமாறிக் கைமாறி வந்த கார்களில் கிண்ணம் பெரும்பாலும் வறண்டு கிடக்கும், இல்லையென்றால் அடியில் கருப்புக் குழம்பு படிந்திருக்கும். மேலே மூடியிருக்கும் சின்ன ரப்பர் பூட் வெப்பத்தில் வெடித்திருக்கும். கியர் சொரசொரப்பாக விழுகிறது, லீவர் தளர்ந்து ஆடுகிறது, காலடியில் அனல் அடிக்கிறது என்ற மூன்று குறைகளுமே இங்கிருந்துதான் கிளம்புகின்றன. புது லீவரை மட்டும் போட்டுவிட்டுக் கிழிந்த பூட்டையும், லீவர் நுனியில் தொப்பி போல மாட்டியிருக்கும் தேய்ந்த புஷ்ஷையும் அப்படியே விட்டால், பழைய குறை இன்னும் துலக்கமாகத் தெரியும். பணமும் நேரமும் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் புஷ், பூட், எண்ணெய் இவற்றை முதலில் செய்யுங்கள். லீவர் காத்திருக்கலாம்.

லீவர் என்ன தரும், என்ன கேட்கும்

ஷார்ட் ஷிஃப்டர் என்பது வெறும் நெம்புகோல் கணக்கு. லீவரின் நடுவே ஒரு குண்டு இருக்கிறது. அதுதான் ஆதாரப் புள்ளி. குண்டுக்குக் கீழே இருக்கும் பகுதியை நீட்டினால், மேலே கை நகர வேண்டிய தூரம் குறையும். 30 சதவீதம் தூரம் குறைந்தால் கை கொடுக்க வேண்டிய விசை சுமார் 1.4 மடங்காகும். 40 சதவீதம் குறைந்தால் கிட்டத்தட்ட 1.7 மடங்கு. அந்தக் கூடுதல் அழுத்தம் உள்ளே கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தும் சின்க்ரோ வளையங்களின் மேல்தான் விழுகிறது. தினமும் நெரிசலில் ஓட்டும் காருக்கு 30 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்பது எங்கள் கருத்து. தலையை மட்டும் இறக்கி, குண்டுக்கு மேலே இருக்கும் பகுதியைக் குட்டையாக்கும் மலிவு லீவர்களும் கிடைக்கின்றன. அவற்றிலும் தூரம் குறையும், ஆனால் கை ஸ்டீயரிங்கிலிருந்து கீழே இறங்கிப் போய்விடும். வாங்கும்போது எந்தப் பகுதியின் நீளம் மாறியிருக்கிறது என்று கேளுங்கள்.

பணம் கொடுக்கும் முன் ஒரு சோதனை. எஞ்சினை அணைத்துவிட்டு எல்லா கியரையும் போட்டுப் பாருங்கள். பிறகு எஞ்சினை ஓட விட்டு, கிளட்சை முழுக்க மிதித்து அதையே செய்யுங்கள். அணைத்திருக்கும்போது எளிதாக விழும் கியர், ஓடும்போது முரண்டு பிடித்தால் குற்றம் லீவரில் இல்லை. கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. இந்தக் கார்களில் எண்ணெய் அழுத்தத்தால் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டர் கசிவது பழகிப்போன நோய். ரப்பர் மூடியை விலக்கி ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் எந்த ஷிஃப்டர் போட்டும் பயனில்லை.

வாங்க வேண்டியவை: லீவர், சின்ன உள் பூட், பெரிய வெளி பூட், கீழ்முனை நைலான் புஷ், குண்டின் மேல் உட்காரும் நைலான் இருக்கை, அலை போல வளைந்து ஸ்பிரிங்காக அழுத்தும் அலை வாஷர், 75டபிள்யூ-90 ஜிஎல்-4 கியர் எண்ணெய். ஜிஎல்-5 மட்டும் எழுதிய எண்ணெய் வேண்டாம். அதிலிருக்கும் கந்தகச் சேர்க்கை பித்தளைக்கு ஆகாது. கருவிகளில் 10 மி.மீ. சாக்கெட், நீண்ட எக்ஸ்டென்ஷன், ஸ்டார் ஸ்குரூ டிரைவர், நீண்ட மூக்குக் குறடு, குழாய் செருகிய பெரிய சிரிஞ்சு, நூல் பிரியாத துணி, சிறிய டார்க் ரெஞ்ச் ஆகியவை கட்டாயம்.

கழற்றும் வேலை

கார் சமதளத்தில் நிற்கட்டும். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். லீவரை வெளியே எடுக்கும்போது கார் நியூட்ரலில் இருக்கும், ஹேண்ட் பிரேக் ஒன்றுதான் அதைப் பிடித்திருக்கும். டிக்கியில் இருக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். ஓட்டி வந்த சூட்டோடு தொடங்காதீர்கள், டரெட்டும் அதைச் சுற்றிய உலோகமும் கையைச் சுட்டுவிடும்.

கியர் தலையை இடப்பக்கமாகத் திருகினால் கழன்றுவிடும். வரவில்லையென்றால் ஈரத் துணியைச் சுற்றி இரு கையாலும் திருகுங்கள், குறடு போட வேண்டாம். ஹேண்ட் பிரேக்கை முழுக்க மேலே இழுத்துவிட்டு, இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் பிளாஸ்டிக் கன்சோலின் ஸ்குரூக்களைக் கழற்றுங்கள். பின்னால் இருக்கும் பெட்டிக்குள், முன்புறம் இரு கால் பக்கங்களிலும், ஆஷ்டிரேயை எடுத்தால் அதன் அடியிலும் தேடுங்கள். ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை மாறும். கன்சோல் எழும்பவில்லையென்றால் எங்கோ ஒரு ஸ்குரூ மிச்சம் என்று அர்த்தம். இந்தப் பிளாஸ்டிக்குக் குறைந்தது இருபது வயதாகிவிட்டது, பிடித்து இழுத்தால் காது முறியும். பாதி தூக்கியதும் நிறுத்தி, அடியில் பவர் விண்டோ சுவிட்சின் கனெக்டரைக் கழற்றிவிட்டு மேலே எடுங்கள்.

இப்போது பெரிய ரப்பர் பூட் தெரியும். ஓர் உலோக வளையமும் நான்கு 10 மி.மீ. போல்ட்டும் அதைப் பிடித்திருக்கும். அதைத் திறக்கும் முன் வேக்யூம் கிளீனர் பிடியுங்கள். அவசரத்தில் பலர் தாண்டிப் போகும் இடம் இது. சுற்றிலும் மணலும் பஞ்சுத் தூளும் குவிந்திருக்கும், அடுத்த மூடியைத் திறந்த நொடியில் அது டரெட்டுக்குள் விழும். பெரிய பூட்டை எடுத்தபின் இன்னொரு முறை உறிஞ்சி, சின்ன பூட்டின் விளிம்பைத் துணியால் துடையுங்கள்.

சின்ன பூட்டை மூன்று போல்ட்டுகள் பிடித்திருக்கின்றன. கியர் நியூட்ரலில் இருப்பதை உறுதி செய்துகொண்டு அவற்றைக் கழற்றி, லீவரை நேர் மேலாக இழுங்கள். வருவதற்கு முன்பே எந்த வளைவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு படம் எடுத்து வையுங்கள். லீவர் வந்ததும் கீழ்முனையைப் பாருங்கள். அதன் நுனியில் தொப்பி போல நைலான் புஷ் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது உள்ளேயே தங்கிவிட்டது. காந்தத்தில் நைலான் ஒட்டாது, விளக்கடித்து நீண்ட மூக்குக் குறடால் எடுங்கள். உடைந்திருந்தால் எல்லாத் துண்டும் வெளியே வந்ததா என்று சேர்த்து வைத்துப் பாருங்கள்.

பழைய எண்ணெயைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுங்கள். அடியில் படிந்த குழம்பைத் துணியால் துடைத்தெடுங்கள். உள்ளே பிரேக் கிளீனர் அடிக்க வேண்டாம். கரைந்த அழுக்கு நீங்கள் தொட முடியாத இடத்துக்குப் போய்விடும்.

பொருத்துவது

புது எண்ணெயை அளந்து ஊற்றுங்கள். கூடுதலாக ஊற்றினால் நல்லது என்று நினைக்காதீர்கள். மிஞ்சியது மேலே தெறித்து புது பூட்டை நனைத்துக்கொண்டே இருக்கும். புஷ்ஷின் உட்புறம் கொஞ்சம் கிரீஸ் தடவி, புது லீவரின் நுனியில் அழுத்திப் பொருத்துங்கள். குண்டின் மேல் நைலான் இருக்கை, அதன் மேல் அலை வாஷர், அதன் மேல் சின்ன பூட். இந்த வரிசை மாறக்கூடாது. அலை வாஷரை மறந்தால் குறிப்பிட்ட வேகத்தில் லீவர் தகரம் போலக் கடகடக்கும். காரணம் தேடி முழுதையும் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும். பூட்டை லீவரில் ஏற்றும்போது துளையில் எண்ணெய் தடவி விரலால் தள்ளுங்கள். ஸ்குரூ டிரைவரால் நெம்பினால் புது ரப்பர் அன்றைக்கே கிழியும்.

நைலானுக்குப் பதில் வெண்கலப் புஷ் போடலாமா? நீண்ட நாள் உழைக்கும். ஆனால் கியர் பாக்ஸின் ஒவ்வொரு அதிர்வையும் கைக்குக் கொண்டுவரும். டிராக்கில் மட்டும் ஓடும் காருக்குச் சரி, வீட்டுக் காருக்கு நைலானே இதம்.

லீவரை இறக்கி, நுனி கம்பியின் குழிக்குள் உட்காரும் வரை மெதுவாக அசையுங்கள். மூன்று போல்ட்டையும் கையால் மட்டும் திருகி நிறுத்திவிட்டு, கிளட்சை மிதித்து ஒன்றிலிருந்து ஐந்து, பிறகு ரிவர்ஸ் எல்லாம் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று விழ மறுத்தால் அழுத்தாதீர்கள். எஞ்சின் ஓடாதபோது பற்கள் பல்லோடு பல் முட்டி நிற்பதுண்டு, காரை ஒரு சாண் உருட்டினால் விழுந்துவிடும். அப்படியும் எந்தக் கியரும் விழவில்லையென்றால் நுனி குழிக்குள் உட்காரவில்லை. ரிவர்ஸோ ஐந்தோ மட்டும் எட்டவில்லையென்றால் லீவர் திசை மாறி நிற்கிறது, அல்லது கன்சோல் வாயில் இடிக்கிறது.

எல்லாம் விழுந்தபின் போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக மாற்றி மாற்றி இறுக்குங்கள். 8 முதல் 11 நியூட்டன் மீட்டர் போதும். டரெட் அலுமினியம், அதற்கு மேல் பலம் கொடுத்து இறுக்கினால் மரை உருவிவிடும். பெரிய பூட்டை வைக்கும்போது அதன் உதடு சுற்றிலும் தட்டையாகப் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தபின் வளையத்தைப் போடுங்கள். கன்சோல், கனெக்டர், கியர் தலை, கடைசியாக பேட்டரி.

தலையின் மரை 10 மி.மீ., பிட்ச் 1.25. புதிதாக வாங்குவதென்றால் கனமான உலோகத் தலையை எடுங்கள். ஷார்ட் ஷிஃப்டர் கேட்கும் கூடுதல் விசையில் ஒரு பங்கை அந்தக் கனமே தள்ளிக் கொடுக்கும். வெயிலில் நிற்கும் கார் என்றால் தோல் சுற்றியதாக இருக்கட்டும்.

முதல் சில நாள் வேகமாக மாற்றும் ஆசையை அடக்குங்கள். கை தூரம் குறைந்துவிட்டது, சின்க்ரோவுக்குத் தேவையான நேரம் குறையவில்லை. குளிர்ந்த எண்ணெயில் இரண்டாவது கியர் தயங்குவது இந்தக் கியர் பாக்ஸின் சுபாவம், லீவர் அதை மாற்றாது. சில கிலோமீட்டர் ஓடிச் சூடேறியதும் இளகும். 500 கிலோமீட்டர் கழித்துக் கன்சோலை ஒரு முறை எடுத்து, சின்ன பூட்டைச் சுற்றி எண்ணெய் ஈரம் இருக்கிறதா, மூன்று போல்ட்டும் அதே இறுக்கத்தில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.