தர்மபுரிப் பக்கம் துக்கத்துக்குப் பிந்திப் போகிறவர்களுக்கு

லண்டனில் நாடாளுமன்றத்துக்கு எதிர்க்கரையில், தேம்ஸ் ஓரமாக அரை கிலோமீட்டர் நீளச் சுவர் ஒன்று இருக்கிறது. கொரோனாவில் ஆளைப் பறிகொடுத்த குடும்பங்கள் 2021 மார்ச்சில் அதில் ஓர் உயிருக்கு ஓர் இதயம் என்று சிவப்பில் வரைய ஆரம்பித்தார்கள். ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது. என் பெரியப்பா அந்த வருடம் மே மாதம் தர்மபுரியில் இறந்தார். ஊருக்குப் போக வழியில்லை. இந்தியாவுக்கான வழக்கமான விமானங்கள் 2020 மார்ச்சில் நின்று, 2022 மார்ச் 27-இல்தான் மறுபடி ஓடின. வேறு போக்கிடம் தெரியாமல் அந்தச் சுவர் முன்னால் போய் நின்றேன்.

என்னைப் போலப் பிந்திப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் வழி. பெங்களூரில் இறங்குவதுதான் சுலபம். ஆனால் விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே, நமக்குப் போகவேண்டியது தெற்கே. ஊரையே குறுக்கே கடந்துதான் ஓசூர் சாலையைப் பிடிக்க வேண்டும். விடிவதற்குள் இறங்குகிற விமானமாகப் பாருங்கள். ஓசூர் தாண்டிவிட்டால் கிருஷ்ணகிரி, தர்மபுரி என்று சாலை நேராகப் போகும். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் சொந்தம் உள்ளவர்களுக்குத் தெலுங்கும் கன்னடமும் காதில் விழும். பயப்பட வேண்டாம், தமிழில் பேசினால் பதில் வரும்.

இங்கே பெயர் எழுதிய நினைவுக்கல் கேட்டால் நடுகல்லைத்தான் காட்டுவார்கள். பார்க்க வேண்டியதும்கூட. தர்மபுரியில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம், கிருஷ்ணகிரியில் அரசு அருங்காட்சியகம், இரண்டிலும் நடுகற்கள் உண்டு. கிருஷ்ணகிரிக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள், விடுமுறை. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டையிட்டு விழுந்த வீரனைக் கையில் வில்லோ வாளோ கொடுத்துச் செதுக்கியிருப்பார்கள். எழுத்து இருந்தால் எந்த அரசன் காலம், யாருடைய சேவகன், எதற்காகப் பட்டான் என்பதெல்லாம் வரும். நான் பார்த்த எந்தக் கல்லிலும் நோயில் போனவர் இல்லை.

அவர்களைத் தேடுவதானால் ஊர் எல்லைக்குப் போக வேண்டும், மாரியம்மன் கோயிலுக்கு.

பெரியப்பா முகமெல்லாம் அம்மைத் தழும்பு. ஐந்தாறு வயதில் அவருக்கும் தங்கைக்கும் ஒரே வாரத்தில் அம்மை போட்டதாம். அவர் பிழைத்தார், தங்கை பிழைக்கவில்லை. அந்த அத்தைக்குப் போட்டோ கிடையாது, புதைத்த இடத்தில் இப்போது வேறொருவர் கொல்லை. பெரியம்மை இந்தியாவில் 1975-இல் ஓய்ந்து, 1980-இல் உலகத்திலேயே ஒழிந்ததாக அறிவித்தாகிவிட்டது. ஆனாலும் பெரியப்பா ஒவ்வோர் ஆடியிலும் கூழ் ஊற்றும்போது, எல்லோருக்கும் ஊற்றி முடித்தபின் கடைசியாக ஒரு சொம்புக் கேழ்வரகுக் கூழை வேப்பமரத்தடியில் ஊற்றுவார். ஏன் என்று நாங்கள் கேட்டதில்லை. பெரியம்மா சொல்லித்தான் தெரிந்தது. இப்போது அவர் இரண்டு சொம்பு ஊற்றுகிறார்.

ஆகவே முடிந்தால் ஆடியில் போங்கள். சில ஊர்களில் திருவிழா சித்திரை வைகாசியிலும் வரும், கேட்டுக்கொள்ளுங்கள். காப்பு கட்டிவிட்டால் ஊரை விட்டு வெளியே தங்கக்கூடாது என்று சில வீடுகளில் கறாராக இருப்பார்கள். நடுவில் பெங்களூர் போய் ஷாப்பிங் என்று திட்டம் போட்டு என் தங்கை வாங்கிக் கட்டிக்கொண்டாள். பூசாரியிடம் கோயில் வரலாறு கேட்டால் புராணம் சொல்வார். அதுவும் நல்லதுதான். ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிகளிடம் 'வாந்திபேதி வந்த வருஷம்' என்று ஆரம்பித்துப் பாருங்கள். எந்தத் தெருவில் எத்தனை வீடு என்பது வரை வரும். ஓசூர்ப் பக்கம் என்றால் பிளேக் கதையும் கேளுங்கள். 1898-இல் பெங்களூருக்கு வந்த பிளேக் அது. வீட்டில் எலி செத்து விழுந்தால் ஊரையே காலி செய்துகொண்டு மேட்டில் குடிசை போட்டு இருந்த காலம். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் என்றே கோயில்கள் உண்டு. 2021-இல் அங்கே இருகூரில் கொரோனா தேவிக்கும் சிலை வைத்தார்கள். சிரித்தவர்கள் நிறைய. நானும் சிரித்தேன், பெரியப்பா போகும் வரை.

காகித வேலை இருந்தால் அதையும் இதே பயணத்தில் முடியுங்கள். இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவாகும். பென்னாகரத்துக்காரர் தர்மபுரி அரசு ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால், பதிவு தர்மபுரியில். நாங்கள் இது தெரியாமல் இரண்டு நாள் வீணாக அலைந்தோம். வாரிசுச் சான்றிதழ் தாசில்தார் அலுவலகத்தில். தாத்தா காலத்து விவரம் தேடுபவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: 1965 வரை இதெல்லாம் சேலம் மாவட்டம். கிருஷ்ணகிரி தர்மபுரியிலிருந்து பிரிந்தது 2004-இல். பழைய தாளில் 'சேலம் ஜில்லா' என்று இருந்தால் குழம்ப வேண்டாம். இறப்புச் சான்றிதழில் என்ன நோய் என்று இருக்காது. பெரியப்பாவுடையதிலும் பெயர், தேதி, இடம், அவ்வளவுதான்.

காரியத்துக்கு வர முடியாதவர்கள் ஒகேனக்கல்லில் தர்ப்பணம் கொடுப்பது வழக்கம். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் வழியாக 46 கிலோமீட்டர், பஸ் உண்டு. ஆடிப்பெருக்கும் ஆடி அமாவாசையும் நல்ல நாட்கள்தான், ஆனால் கால் வைக்க இடம் இருக்காது. புறப்படும் காலையில் நீர்வரத்து எத்தனை கன அடி என்று செய்தியில் பாருங்கள். கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் தண்ணீர் திறந்துவிட்டால் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை போட்டுவிடுவார்கள். மாற்று உடையைக் கையிலேயே வைத்திருங்கள். எண்ணெய் தேய்த்துவிடுகிறேன் என்று வருபவர்களிடம் காரியம் முடிந்தபின் பேசிக்கொள்ளலாம், மீன் வறுவலும் அப்படியே.

கடைசியாக வீடு. சாக்லேட் பெட்டியோடு நுழையாதீர்கள், குழந்தைகளுக்கு மறுநாள் கொடுக்கலாம். செவ்வாய், வெள்ளியில் துக்கம் விசாரிக்கப் போகலாமா என்று முன்னாலேயே போனில் கேளுங்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு. படத்துக்கு மாலை போதும். 'எப்படி ஆச்சு' என்று நாமாகக் கேட்க வேண்டாம், அவர்களே சொல்வார்கள். பெரியம்மா முதல் அரைமணி நேரம் மாட்டைப் பற்றியும் தக்காளி விலை பற்றியும்தான் பேசினார். அப்புறம் எழுந்து போய், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே கண்ணாடி, ஒரு துண்டு, பட்டன் போன். போன் சார்ஜ் ஏறியிருந்தது.

துக்க வீட்டில் 'போய்ட்டு வரேன்' என்று சொல்லக்கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். நானும் சொல்லாமல் செருப்பை மாட்டினேன். பெரியம்மா வாசலுக்கு வந்து, "மூணு வருஷம் ஆச்சு சாமி, சொல்லிட்டே போ" என்றார். தர்மபுரிக்குக் கடைசி டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நான் தவறவிட்டேன்.