கிரேஹவுண்ட் ரத்தப் பரிசோதனை: சிறுநீரக எண்களைப் படிப்பது எப்படி?

பந்தய ஓட்டத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்டைத் தத்தெடுத்தவர்கள் பலருக்கும் முதல் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வயிற்றைக் கலக்கிவிடுகிறது. நாய் நன்றாகச் சாப்பிடும், பகல் முழுக்க சோஃபாவில் கால்நீட்டித் தூங்கும், மாலையில் தோட்டத்தை நாலு சுற்று சுற்றி வரும். ரிப்போர்ட்டில் மட்டும் கிரியேட்டினினுக்குப் பக்கத்தில் ‘அதிகம்’ என்று சிவப்பில் இருக்கும். இந்த இனத்தை அதிகம் பார்த்திராத மருத்துவர் என்றால், சிறுநீரகக் கோளாறு ஆரம்பம் என்று சொல்லி, புரதம் குறைந்த உணவுக்கு மாற்றச் சொல்லவும் கூடும். நோயே இல்லாத நாய்க்கு அந்த உணவைப் போட்டால் தசை கரைவதுதான் மிச்சம்.

நான் மெல்பர்னில் இருக்கிறேன், எங்கள் வீட்டிலும் ஒரு கிரேஹவுண்ட் உண்டு. அதனால் கீழே உள்ள எண்கள் ஆஸ்திரேலிய அளவைகளில் இருக்கும். அமெரிக்காவில் இருப்பவர்களுக்காக அவர்களின் அளவையையும் சேர்த்திருக்கிறேன்.

படி 1: ரத்தம் எடுக்கும் முன்பே

முந்தைய இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு 8 முதல் 12 மணி நேரம் எதுவும் தராதீர்கள். தண்ணீரை மட்டும் எடுத்துவிட வேண்டாம். தண்ணீர் குறைந்தால், சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுகளான யூரியா, கிரியேட்டினின் இரண்டுமே ரத்தத்தில் ஏறும். இறைச்சி நிறையச் சாப்பிட்ட உடனே ரத்தம் எடுத்தாலும் இவை கூடுதலாகக் காட்டும். அன்று காலை ஓட விடாதீர்கள்.

அதே நாள் காலையின் முதல் சிறுநீரையும் கொண்டுபோங்கள். சிறுநீர் இல்லாத சிறுநீரகப் பரிசோதனை பாதிப் பரிசோதனைதான். நீளக் கைப்பிடி உள்ள கரண்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, நன்றாகக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். நாய் சிறுநீர் கழிக்க ஆரம்பித்து ஓரிரு வினாடி கழித்து, பின்பக்கமாக மெதுவாக நீட்டிப் பிடியுங்கள். முன்னால் போய் நின்றால் பாதியில் நிறுத்திவிடும். மூடியுள்ள சுத்தமான டப்பாவில் ஊற்றி, உடனே கிளம்ப முடியாவிட்டால் ஃப்ரிட்ஜில் வையுங்கள். சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும்.

படி 2: கிரியேட்டினின்

தசையிலிருந்து வரும் கழிவு இது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ளுகிறது. கிரேஹவுண்டின் உடம்பில் பெரும்பங்கு தசைதான், கொழுப்பு மிகக் குறைவு. தசை கூடினால் கிரியேட்டினினும் கூடும்.

பொதுவாக நாய்களுக்கு லேப்கள் போடும் மேல்வரம்பு லிட்டருக்கு 159 மைக்ரோமோல் அளவில் இருக்கும் (டெசிலிட்டருக்கு 1.8 மில்லிகிராம்). ஆரோக்கியமான கிரேஹவுண்டுக்கு 186 வரை, அதாவது 2.1 மில்லிகிராம் வரை இயல்பு என்று எடுத்துக்கொள்ளலாம். மில்லிகிராம் கணக்கை 88.4-ஆல் பெருக்கினால் மைக்ரோமோல் கணக்கு வந்துவிடும்.

‘அப்போ சிறுநீரகம் கொஞ்சம் மெதுவாக வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்?’ என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. அமெரிக்காவின் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் கிரேஹவுண்டுகளையும் மற்ற இன நாய்களையும் ஒப்பிட்டு, சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தையே நேரடியாக அளந்து பார்த்தார்கள். கிரேஹவுண்டுகளின் கிரியேட்டினின் அதிகமாக இருந்தது. வடிகட்டும் வேகமும் மற்றவற்றைவிட அதிகமாகவே இருந்தது.

இன்னொரு குழப்பம் நோய் நிலைப் பட்டியலால் வருகிறது. நாய்களின் நாள்பட்ட சிறுநீரக நோயைப் பிரிக்க உலகெங்கும் ஐரிஸ் என்ற பட்டியலைப் பயன்படுத்துகிறார்கள். அதில் இரண்டாம் நிலை 125 மைக்ரோமோலிலேயே தொடங்கிவிடுகிறது. எண்ணை மட்டும் பார்த்தால் நல்ல கிரேஹவுண்டுகள் பலவும் அதில் போய் உட்கார்ந்துவிடும். நோய் இருப்பது உறுதியான பிறகுதான் எந்த நிலை என்று பார்க்க வேண்டும். நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க அந்தப் பட்டியலைப் பயன்படுத்தக் கூடாது.

படி 3: யூரியா, எஸ்டிஎம்ஏ

யூரியாவை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். இறைச்சி, தண்ணீர்க் குறைவு, குடலில் ரத்தக்கசிவு என எது இருந்தாலும் ஏறும்.

எஸ்டிஎம்ஏ (SDMA) என்பது சிறுநீரகம் வெளியேற்றும் இன்னொரு கழிவு, ரத்தத்தில் பார்ப்பது. இது கொஞ்சம் உருப்படியான அளவு. தசை கூடினாலும் குறைந்தாலும் இது அவ்வளவாக மாறாது. சிறுநீரகம் பழுதாகும்போது பெரும்பாலும் கிரியேட்டினினுக்கு முன்பே உயர ஆரம்பிக்கும். ஆனால் இதிலும் கிரேஹவுண்ட் விலகித்தான் நிற்கிறது. பொது மேல்வரம்பு டெசிலிட்டருக்கு 14 மைக்ரோகிராம். 2018-ல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று, ஆரோக்கியமான கிரேஹவுண்டுகளுக்கு ஏறக்குறைய 20 வரை இயல்பு என்று காட்டியது. ஆகவே 16 என்று வந்தால் பதற வேண்டாம். 25 என்றால் இனத்தின் பெயரைச் சொல்லித் தட்டிக்கழிக்கவும் வேண்டாம்.

படி 4: சிறுநீரைப் பாருங்கள்

எனக்கு மொத்த ரிப்போர்ட்டிலும் முதலில் கண் போவது சிறுநீரின் அடர்த்தி எண்ணுக்குத்தான். சிறுநீரகத்தின் முக்கிய வேலைகளில் ஒன்று தண்ணீரை மிச்சம் பிடிப்பது. அதைச் செய்ய முடிகிறதா என்பதை இந்த எண் சொல்லிவிடும்.

1.030-க்கு மேல் இருந்தால் நல்ல அடர்த்தி. 1.008 முதல் 1.012 வரை இருந்தால், ரத்தத்தின் நீர்ப்பகுதி எவ்வளவு அடர்த்தியோ அதே அளவில் சிறுநீரும் வெளியேறுகிறது என்று பொருள். ஒருமுறை அப்படி வந்தால், நாய் அன்று நிறையத் தண்ணீர் குடித்திருக்கலாம். திரும்பத் திரும்ப வந்தால், அதுவும் கிரியேட்டினின் உயர்வோடு சேர்ந்து வந்தால், விசாரிக்க வேண்டிய விஷயம். அடர்த்தியை ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கருவியில் பார்த்தார்களா என்று கேளுங்கள். நிறம் மாறும் பட்டை நாய்ச் சிறுநீரின் அடர்த்திக்கு நம்பகமானதல்ல.

அடுத்து, சிறுநீரில் புரதம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். புரதத்துக்கும் கிரியேட்டினினுக்கும் உள்ள விகிதமாக இது வரும். 0.2-க்குக் கீழே நல்லது. 0.5-ஐத் தாண்டினால் கசிவு. இடையில் இருந்தால் மறுபடி பார்க்க வேண்டும். சிறுநீர்த் தொற்று இருந்தாலும் புரதம் ஏறும், எனவே முதலில் அது இல்லையென்று உறுதி செய்துகொள்ளுங்கள். கிரியேட்டினின் இயல்பாக இருந்து, புரதம் மட்டும் தொடர்ந்து கசிகிற நாய்களும் உண்டு. ரத்தத்தை மட்டும் பார்த்தால் அவற்றைத் தவறவிட்டுவிடுவோம்.

ஒரு மாதிரி ரிப்போர்ட்

ஆறு வயது, கிரியேட்டினின் 170, எஸ்டிஎம்ஏ 16, சிறுநீர் அடர்த்தி 1.040, புரத விகிதம் 0.1. முதல் இரண்டும் சிவப்பில் இருக்கும். ஆனால் இரண்டும் கிரேஹவுண்ட் வரம்புக்குள்தான், சிறுநீரும் நன்றாக இருக்கிறது. எதுவும் செய்ய வேண்டியதில்லை. உணவை மாற்றவும் வேண்டாம்.

இப்போது கிரியேட்டினின் அதே 170, அடர்த்தி மட்டும் 1.011 என்று வைத்துக்கொள்ளுங்கள். நாய் முன்பைவிட அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது, இரவில் வெளியே போகக் கதவைச் சுரண்டுகிறது. இதை ‘கிரேஹவுண்டுக்கு இப்படித்தான் இருக்கும்’ என்று யாராவது சொன்னால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். பரிசோதனையைத் திரும்பச் செய்து, ஸ்கேனும் பார்க்கச் சொல்லுங்கள்.

படி 5: மற்ற எண்களும் ரத்த அழுத்தமும்

சிறுநீரக நோய் முற்றும்போது சிவப்பணுக்கள் குறையும். கிரேஹவுண்டுக்கு ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு 50 சதவீதத்துக்கு மேல் இருப்பதே வழக்கம், 60-ஐத் தாண்டுவதும் உண்டு. மற்ற நாய்களுக்கு 37 முதல் 55 வரை. அதனால் 40 என்று வந்தால் லேப் அதை இயல்பு என்றே அச்சிடும். கிரேஹவுண்டுக்கு அது ரத்தசோகை. சிவப்பில் வராத எண்ணும் சிக்கலாக இருக்கலாம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ரத்த அழுத்தமும் இந்த இனத்தில் 10 முதல் 20 புள்ளி கூடுதலாகவே இருக்கும். மருத்துவமனைக்குள் நுழைந்தாலே இன்னும் ஏறும். முடிந்தால் வீட்டில் வந்து அளக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அமைதியான அறையில் பத்து நிமிடம் படுக்கவிட்டுப் பலமுறை அளக்கலாம்.

படி 6: உங்கள் நாயின் சொந்த எண்

நாய் நன்றாக இருக்கும்போதே, இரண்டு மூன்று வயதில், ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. 130-ல் இருந்த நாய் 175-க்கு வந்தால், வரம்புக்குள் இருந்தாலும் அது மாற்றம். ஒவ்வொரு முறையும் ஒரே லேபில் கொடுப்பது நல்லது. எடையையும் கூடவே எழுதி வையுங்கள்.

எடை எதற்கு? வயதாகித் தொடைத் தசை வற்றும்போது கிரியேட்டினின் தானாகவே இறங்கும். 165-லிருந்து 130-க்கு இறங்கியதைப் பார்த்து ‘சரியாகிவிட்டது’ என்று சந்தோஷப்படுவோம். உள்ளே சிறுநீரகம் மோசமாகிக்கொண்டிருந்தாலும் தெரியாது. வயதான, மெலிந்த நாய்க்கு எஸ்டிஎம்ஏவையும் சிறுநீர் அடர்த்தியையும் கேட்டு வாங்குங்கள்.

ஏழு வயதைத் தாண்டினால் ஆண்டுக்கு ஒருமுறையாவது ரத்தம், சிறுநீர் இரண்டையும் பாருங்கள். வலி மருந்து தொடர்ந்து கொடுப்பவர்கள் எவ்வளவு இடைவெளியில் பார்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காத்திருக்கக் கூடாத நிலைமைகள்

வாந்தி, சாப்பிட மறுப்பு, சோர்வு, சிறுநீர் திடீரெனக் குறைவது அல்லது நின்றுபோவது, இவற்றோடு கிரியேட்டினின் ஏறியிருந்தால் அன்றே மருத்துவமனை. திராட்சை, உலர்திராட்சை, மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையாவது விழுங்கியிருந்தால், அறிகுறி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அமெரிக்கா, பிரிட்டனில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. அலபாமா ராட் என்ற நோய் 1980-களில் அமெரிக்கப் பந்தய கிரேஹவுண்டுகளிடம்தான் முதலில் அடையாளம் காணப்பட்டது. பிரிட்டனில் 2012-லிருந்து பல இன நாய்களிடமும் பார்க்கிறார்கள். காலில் காரணம் தெரியாத புண் அல்லது வீக்கம் வரும், சில நாட்களில் சிறுநீரகம் செயலிழக்கக்கூடும். எல்லாப் புண்ணும் அதுவல்ல. ஆனால் அப்படி ஒரு புண்ணைப் பார்த்தால் அன்றே கிரியேட்டினின் பார்க்கச் சொல்லுங்கள். முதல் நாள் இயல்பாக வந்தாலும் விட்டுவிடாமல், அடுத்த சில நாட்களில் எப்போது திரும்பப் பார்க்க வேண்டும் என்று கேட்டுத் தேதி வாங்கிக்கொண்டே வீட்டுக்குக் கிளம்புங்கள்.