வரிக்குதிரை மீன் கருக்களைக் கொண்டு வேதிப்பொருளின் நச்சுத்தன்மையை அறியும் முறை

வரிக்குதிரை மீனின் கரு கண்ணாடியைப் போலத் தெளிவாக இருப்பதாலும், கருவுற்ற ஏறத்தாழ ஒரே நாளில் அதன் இதயம் துடிக்கத் தொடங்குவதாலும், நீரில் கலந்த ஒரு வேதிப்பொருள் உயிரை எப்படித் தாக்குகிறது என்பதை நுண்ணோக்கியின் வழியாக நேரடியாகவே காண முடிகிறது. மனித மரபணுக்களில் சுமார் 70 விழுக்காட்டுக்கு இம்மீனில் இணை மரபணுக்கள் உள்ளன. இங்கு விளக்கப்படுவது, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு 2013-இல் வெளியிட்ட 236-ஆம் எண் வழிகாட்டியைத் தழுவிய முறையாகும்.

முதல் நாள் மாலையில் ஆண், பெண் மீன்களை இனப்பெருக்கத் தொட்டியில் விடுங்கள். தாய் மீனே தன் முட்டைகளைத் தின்றுவிடும் என்பதால், தொட்டியின் அடியில் வலைத்தட்டு அவசியம். காலையில் விளக்கு எரிந்ததும் அவை முட்டையிடும். கருவுற்றவை 70 விழுக்காட்டுக்குக் குறைந்தால் அந்த ஈட்டு முட்டைகளைப் பயன்படுத்தக் கூடாது. 16 செல் நிலையைத் தாண்டுவதற்குள், அதாவது கருவுற்ற ஒன்றரை மணி நேரத்திற்குள், கருக்கள் சோதிக்கும் வேதிப்பொருளின் கரைசலில் இருக்க வேண்டும் என்பதால், வெவ்வேறு செறிவுள்ள ஐந்து கரைசல்களை முன்னதாகவே தயாரித்து வையுங்கள்.

24 குழிகள் கொண்ட தட்டுகளில் குழிக்கு ஒரு கரு வீதம், ஐந்து செறிவுகளுக்கும் தலா 20 கருக்களை இட்டு, 26 டிகிரி செல்சியஸில் 96 மணி நேரம் வைக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்: எண்ணெய்த் தன்மையுள்ள பொருள்கள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்வதால், கரு உண்மையில் எதிர்கொள்ளும் செறிவு நாம் ஏட்டில் குறித்ததைவிட மிகக் குறைவாகிவிடும். ஆகவே அதே கரைசலை ஒரு நாள் முன்பே குழிகளில் நிரப்பி வைத்து, சோதனையைத் தொடங்கும்போது புதிதாக மாற்றுங்கள். நீரிலுள்ள செறிவை அளந்தும் பாருங்கள்.

நாள்தோறும் கரு இறந்ததைக் காட்டும் நான்கு அறிகுறிகளைத் தேட வேண்டும்: கரு உறைந்து வெண்மையாதல், உடற்கண்டங்கள் (பின்னர் தசையும் முதுகெலும்பும் ஆகும் துண்டுகள்) உருவாகாமை, வால் மஞ்சள்கருவிலிருந்து பிரியாமை, 48 மணி நேரத்திற்குப் பிறகும் இதயத் துடிப்பு இல்லாமை. துடிப்பு இல்லையென்று முடிவு செய்யும் முன், குறைந்தது 80 மடங்கு உருப்பெருக்கத்தில் ஒரு நிமிடமாவது விடாமல் பாருங்கள். நலிந்த கருவின் துடிப்பு மெல்லியதாகவும் விட்டுவிட்டும் வரக்கூடும். மனித நலனை மனத்தில் கொண்டு ஆராய்பவர்களுக்கு மரணத்தைவிட, இதயத்தைச் சுற்றி நீர் கோத்தல், முதுகெலும்பு வளைதல், பொரிப்புத் தாமதம் ஆகியவையே அதிகம் சொல்லும் என்பது என் கருத்து. ஆயினும் கருவைப் பாதித்த செறிவை மனிதருக்கான அளவாக நேரடியாக எடுத்துக்கொள்ளலாகாது.

முடிவை ஏற்பதற்கு முன் தூய நீரில் வைத்த கட்டுப்பாட்டுக் குழுவைப் பாருங்கள். அதில் குறைந்தது 90 விழுக்காடு பிழைத்து, குறைந்தது 80 விழுக்காடு பொரித்திருக்க வேண்டும். ஒப்பீட்டுக்காக, நச்சுத்தன்மை ஏற்கெனவே அறியப்பட்ட 3,4-டைகுளோரோஅனிலின் என்ற வேதிப்பொருளை லிட்டருக்கு 4 மில்லிகிராம் இட்ட குழுவில் 30 விழுக்காடாவது இறந்திருக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் சோதனையை மீண்டும் செய்யுங்கள். எஞ்சிய கருக்களை ஏற்கப்பட்ட முறையில் வலியின்றி முடித்து, கரைசல்களைச் சாக்கடையில் விடாமல் வேதிக்கழிவுக் கலனில் சேருங்கள்.