பார்வையாளரை நடக்க வைக்கும் போர்க்கால நாடகம்

பினாங்கின் ஜார்ஜ்டவுனில் இந்த நாடகத்துக்கு மேடை தேடாதீர்கள், கடைகளின் முன்னால் கூரையோடு ஓடும் அஞ்சடி நடைபாதையே போதும். இருபது பேருக்கு மேல் சேர்த்தால் பின்னால் நிற்பவருக்கு ஒன்றும் கேட்காது. 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பான் விமானங்கள் வந்தபோது சனம் தெருவில் நின்று வேடிக்கை பார்த்தது. அதனால் முதலில் எல்லாரையும் அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். சத்தம் அப்புறம்தான். ஸ்பீக்கரில் குண்டு வெடிக்கவிட்டு ஒருமுறை ஒரு பாட்டியை அழ வைத்துவிட்டேன். இப்போது தகரத்தைத் தட்டுவதோடு சரி.

அடுத்து, கையில் ஜப்பான்காரன் காலத்துப் பணமான வாழைமர நோட்டைக் கொடுத்து வரிசையில் நிறுத்துங்கள். அரிசி தீர்ந்தது என்று அவித்த மரவள்ளிக்கிழங்கை நீட்டுங்கள். சிரித்துக்கொண்டே வாங்குவார்கள். அந்த நேரம் பார்த்து ஒருவரை மட்டும் தோளைத் தொட்டு, சயாம் ரயில்பாதை வேலைக்கு என்று அழைத்துப் போங்கள். ஜப்பான்காரன் பர்மாவுக்குப் போட்ட அந்தப் பாதைக்குப் போன பலர் திரும்பவே இல்லை. அதனால் கடைசிவரை இவரும் திரும்பி வரக்கூடாது. அவரிடம் முன்பே சொல்லி வையுங்கள். பின்கட்டில் தேநீரும் இருக்கட்டும்.