பென்ஷனை வைத்து வீட்டுக் கடன்: பட்டாளத்துக்காரர்களுக்குப் படிப்படியாக

"சார், நீங்க ரிட்டயர்டு ஆயிட்டீங்க. அறுபது வயசு வரைக்கும்தான் தவணை போட முடியும்."

கடலூரில் ஒரு வங்கிக் கிளையில் என்னிடம் சொன்னது இது. அப்போது எனக்கு வயது 43. பட்டாளத்தில் சிப்பாயாகச் சேர்ந்தவனுக்கு 15 வருட சர்வீஸிலேயே பென்ஷன் தகுதி வந்துவிடும், அந்தப் பென்ஷன் உயிர் இருக்கும்வரை வரும். இந்த இரண்டுமே அந்த அதிகாரியின் கணக்கில் இல்லை. நானும் கேள்வி கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன். பென்ஷன்தாரருக்கு 70 வயது, சில இடங்களில் 75 வயது வரை தவணை நீட்டலாம் என்பது வேறொரு வங்கியில் ஏறி இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யூடியூபில் "முன்னாள் ராணுவத்தினருக்கு முன்பணமே இல்லாமல் வீட்டுக் கடன்" என்று வருவதில் பல, அமெரிக்கக் கதை. அங்கே 1944-இல் இருந்து அரசே வங்கிக்கு உத்தரவாதம் கொடுக்கிறது. நம் ஊரில் அப்படி ஒன்று கிடையாது. இங்கே வங்கி உங்கள் மெடலைப் பார்க்காது. மாதம் கைக்கு எவ்வளவு வருகிறது, எத்தனை வருடம் வரும், மனை சுத்தமா என்று மூன்றைத்தான் பார்க்கும். அதே வரிசையில் போவோம்.

படி 1: கைக்கு வரும் பென்ஷன் எவ்வளவு?

ராணுவப் பென்ஷனுக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் நுழைந்து கடைசி ஆறு மாத பென்ஷன் சிலிப்பையும் பி.பி.ஓ.வையும் (பென்ஷன் உத்தரவு) இறக்கிக்கொள்ளுங்கள். ஒன் ரேங்க் ஒன் பென்ஷன் (ஒரே ரேங்க், ஒரே சர்வீஸ் என்றால் எப்போது ஓய்வு பெற்றாலும் ஒரே பென்ஷன்) திருத்தத்துக்குப் பிறகு புது பி.பி.ஓ. வந்திருந்தால் அதுதான் வேண்டும். பழையதைக் கொடுத்தால் குறைந்த பென்ஷனை வைத்துத்தான் கணக்குப் போடுவார்கள்.

சிலிப்பில் கம்யூட்டேஷன் கழிவைக் கவனியுங்கள். அடிப்படைப் பென்ஷனில் 50% வரை விற்றுவிட்டு மொத்தமாகப் பணம் வாங்கியிருப்போம். அகவிலை நிவாரணம் முழு பென்ஷனுக்கும் கணக்காகும், ஆனால் அடிப்படையில் பாதி கழிந்துதான் கைக்கு வரும். வங்கிக்கு அந்தக் கைக்காசுதான் வருமானம். 15 வருடம் கழித்து விற்ற பகுதி மறுபடி சேரும். அதை வங்கி இப்போது கணக்கில் எடுக்காது, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். 42 வயதில் வந்தவருக்கு 57-இல் பென்ஷன் ஏறும். அன்றைக்குத் தவணையைக் கூட்டிக் கட்டினால் கடன் சீக்கிரம் முடியும்.

படி 2: கடன் எவ்வளவு வரும் என்று வீட்டிலேயே போட்டுப் பாருங்கள்

இதை மட்டும் நிதானமாகச் செய்யுங்கள். ஒரு தாள், ஒரு பேனா போதும்.

ஒருவருக்கு வயது 46 என்று வைப்போம். கைக்கு வரும் பென்ஷன் 30,000. ஏற்கெனவே ஒரு பர்சனல் லோன், மாதம் 3,000 போகிறது. வருமானத்தில் பாதி வரை தவணைக்குப் போகலாம் என்று வங்கி வைத்தால், 15,000. அதில் பழைய தவணை 3,000 போனால் மிச்சம் 12,000.

8.5% வட்டியில் 20 வருடத்துக்கு, ஒரு லட்சத்துக்கு மாதம் சுமார் 868 ரூபாய் கட்ட வேண்டும். 12,000-ஐ 868-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 13.8 லட்சம். இதுதான் அவருக்குக் கிடைக்கும் கடன்.

அந்தப் பர்சனல் லோனை முதலிலேயே அடைத்துவிட்டால் 15,000-ஐ 868-ஆல் வகுக்கலாம். 17.2 லட்சத்துக்கு மேல் வருகிறது. மாதம் மூவாயிரம் தவணை கிட்டத்தட்ட மூன்றரை லட்சம் கடனைத் தின்கிறது! அதில் பாக்கி ஐம்பது, அறுபதாயிரம்தான் என்றால் கைமாற்று வாங்கியாவது அடைத்துவிட்டு, வங்கியிடம் நிலுவை இல்லை என்ற சான்று வாங்கிக்கொண்டு, அது சிபில் அறிக்கையில் (உங்கள் கடன் வரலாறு) ஏறிய பிறகு விண்ணப்பியுங்கள். ஃப்ரிட்ஜ், பைக் தவணைக்கும் இதே கதைதான்.

"அறுபது வரைதான்" என்று சொன்ன வங்கிக்கே இவர் போனால்? 14 வருடம்தான் கிடைக்கும். லட்சத்துக்குத் தவணை சுமார் 1,020. பர்சனல் லோன் இருக்கும் நிலையில் கடன் 11.8 லட்சத்தோடு நின்றுவிடும். அதனால் எந்தக் கிளைக்குள் போனாலும் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: "பென்ஷன்தாரருக்கு எந்த வயது வரை தவணை போடுவீர்கள்?"

சிப்காட்டிலோ வேறெங்கோ செக்யூரிட்டி வேலை பார்க்கிறீர்களா? சம்பளம் வங்கிக் கணக்கில் வந்தால் அதையும் சேர்ப்பார்கள். 18,000 வந்தால் மொத்த வருமானம் 48,000. பாதி 24,000, பழைய தவணை போக 21,000. கடன் 24 லட்சத்தைத் தொடும். கையில் கொடுக்கும் சம்பளம் கணக்கில் வராது. முதலாளியிடம் சொல்லி வங்கியில் போடச் சொல்லுங்கள், ஆறு மாதமாவது ஓடட்டும்.

படி 3: கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு வீட்டு மதிப்பில் அதிகபட்சம் 90%, 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75%. மிச்சம் உங்கள் கைக்காசு. பத்திரச் செலவையும் பொதுவாக மதிப்பில் சேர்க்க மாட்டார்கள், அதை மறந்து மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. கம்யூட்டேஷன் பணத்தைக் கார் வாங்கித் தீர்க்காமல் இதற்கு வைத்திருந்தால் நிம்மதி.

குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இல்லை, நகர்ப்புறத்தில் முதல் வீடு என்றால் பிரதமர் ஆவாஸ் யோஜனா 2.0-ஐக் கேளுங்கள். வீட்டு மதிப்பு 35 லட்சம், கடன் 25 லட்சத்துக்குள் இருந்தால், முதல் 8 லட்சத்துக்கு 4% வட்டி மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து தவணையாக வரும். இதற்கும் ராணுவத்துக்கும் சம்பந்தமில்லை, ஆனால் நம்மில் பலர் இந்த வரம்புக்குள்தான் இருக்கிறோம்.

போரில் ஊனமுற்றவர்களுக்கும், உயிர் நீத்தவர்களின் மனைவியருக்கும் வீட்டுக் கடன் வட்டியில் பாதியை ஒரு வரம்பு வரை திருப்பித் தரும் திட்டம் கேந்திரிய சைனிக் போர்டில் (முன்னாள் படையினர் நலனுக்கான மத்திய வாரியம்) இருக்கிறது. கடலூர்க்காரர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும், புதுச்சேரிக்காரர்கள் சைனிக் நலத்துறையிலும் கேட்க வேண்டும்.

படி 4: பெயரைச் சரிபாருங்கள்

பாதிப் பேர் நிற்பது இங்கேதான். டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., ஆதார், பான், மனைப் பத்திரம் ஐந்தையும் கட்டிலில் வரிசையாகப் பரப்பி வையுங்கள். உங்கள் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, மனைவி பெயர் நான்கையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

என் டிஸ்சார்ஜ் புக்கில் மனைவி பெயர் "செல்வி". ஆதாரில் "தமிழ்ச்செல்வி". கல்யாணமான புதிதில் யூனிட் கிளார்க் கேட்டபோது வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொன்னவன் நான்தான். கூட்டுக் கடன்தாரராக அவளைச் சேர்த்ததும் வங்கி இதைப் பிடித்தது. ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதித் திருத்தி, பி.பி.ஓ.விலும் மாற்றி வாங்க மாதக்கணக்கில் ஆனது. மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர்களுக்கு வெலிங்டன், எம்.இ.ஜி.க்கு (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) பெங்களூரு, பீரங்கிப் படைக்கு நாசிக் என்று அவரவர் ரெக்கார்டுக்கு எழுத வேண்டும். நோட்டரி வாக்குமூலத்தை வங்கி ஏற்றுக்கொண்டாலும் திருத்தத்தை விட்டுவிடாதீர்கள். நாளைக்குக் குடும்பப் பென்ஷன் வரப்போவது அந்தப் பெயருக்குத்தான்.

இப்போது சர்வீஸில் இருப்பவர்கள் பார்ட் டூ ஆர்டரிலேயே (யூனிட் வெளியிடும் விவரப் பதிவு உத்தரவு) இதை முடித்துக்கொள்ளலாம். வெளியே வந்த பிறகுதான் பாடு.

படி 5: மனை

தமிழ்நாட்டுப் பக்கம் என்றால் பட்டா, 30 வருட வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு. அங்கீகாரமில்லாத மனை என்றால் 20.10.2016-க்கு முன் உருவான பிரிவா, வரன்முறைப்படுத்தியதா என்று பாருங்கள். கிராம நத்தத்தில் தாத்தா காலத்து மனை என்றால் பத்திரம் இருக்காது, நத்தம் பட்டா மட்டும்தான் இருக்கும். அதற்குக் கடன் தர வங்கி தயங்கும், வழக்கறிஞர் கருத்தைப் பொறுத்தது. 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் 2024 ஜூலையில் இருந்து சுயசான்று முறையில் இணையத்திலேயே கட்டட அனுமதி எடுக்கலாம்.

முள்ளோடை எல்லையைத் தாண்டிப் புதுச்சேரிக்குள் போய்விட்டால் எல்லாமே வேறு. நில ஆவணத்துக்கு 'நிலமகள்' இணையதளம், வரைபட அனுமதிக்குப் புதுச்சேரி நகரமைப்புக் குழுமம். பழைய தாய்ப்பத்திரம் பிரெஞ்சில் இருந்தால் மொழிபெயர்ப்பும் வேண்டும். கடலூரில் இருந்துகொண்டு பாகூர், கிருமாம்பாக்கம் பக்கம் மனை வாங்குகிறவர்கள் அந்தப் பக்கத்து வழக்கறிஞரையே பிடியுங்கள். கடற்கரையோரம் என்றால் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்தில் வருகிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பாருங்கள். 2004 சுனாமியையும் 2011 தானே புயலையும் பார்த்த ஊர்கள் இவை.

படி 6: இன்னும் சர்வீஸில் இருக்கிறீர்களா?

அப்படியென்றால் வெளியே வருவதற்கு முன்பே விண்ணப்பியுங்கள். சம்பளம் பென்ஷனைவிடப் பெரிது, கடனும் பெரிதாக வரும். ஆனால் தவணையைப் பென்ஷன் தாங்குமா என்று படி 2-இல் போட்டுப் பாருங்கள். வீடு கட்ட ஏ.எஃப்.பி.பி. நிதியில் (படையினரின் வருங்கால வைப்பு நிதி) இருந்து திருப்பிக் கட்டத் தேவையில்லாமல் பணம் எடுக்கலாம். தரைப்படைக்கு ஏ.ஜி.ஐ.எஃப். (ராணுவக் குழுக் காப்பீட்டு நிதி) மூலம் வீட்டுக் கடன் உண்டு, கடற்படைக்கும் விமானப்படைக்கும் தனித்தனி காப்பீட்டு அமைப்புகள் இருக்கின்றன. எஸ்.பி.ஐ.யில் படையினருக்கென்றே 'சௌர்யா' என்ற வீட்டுக் கடன் இருக்கிறது.

பத்திரப் பதிவு, வங்கிக் கையெழுத்து இரண்டையும் 60 நாள் வருடாந்திர லீவுக்குள் அடக்கப் பாருங்கள். லீவில் வந்த பிறகு வில்லங்கச் சான்று தேட ஆரம்பித்தால் நாள் போதாது. அதையெல்லாம் வீட்டில் முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும்.

அக்னிவீர் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. நான்கு வருடம் முடிந்து வெளியே வந்தால் பென்ஷன் இல்லை, சேவா நிதி சுமார் 11.71 லட்சம் மொத்தமாக வரும். அதை முன்பணமாக வைக்கலாம். தவணைக்கு அடுத்த வேலையின் சம்பளம்தான் ஆதாரம்.

புதுச்சேரியில் சொல்தா குடும்பங்களும் உண்டு, பிரெஞ்சுப் படையில் இருந்ததற்காகப் பிரான்சில் இருந்து பென்ஷன் வாங்குபவர்கள். குடியுரிமை, அந்நியச் செலாவணி விதி எல்லாம் குறுக்கே வருவதால் அது தனிப் பதிவுக்கான விஷயம்.

படி 7: கையெழுத்துப் போடும் நாள்

அனுமதிக் கடிதத்தில் வட்டி ரெப்போவோடு (ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி) சேர்ந்து மாறுமா, பரிசீலனைக் கட்டணம் எவ்வளவு, பத்திர ஒப்படைப்பைப் பதிவு செய்ய என்ன செலவு என்று பாருங்கள். மாறும் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் தனிநபருக்கு அபராதம் கிடையாது. கடன் காப்பீடு எடுக்கச் சொன்னால் விலையைக் கேட்டு யோசியுங்கள். நமக்குப் பிறகு குடும்பப் பென்ஷன் குறைவாகத்தான் வரும் என்பதால் நான் எடுத்தேன். கொடுக்கும் அசல் ஆவணங்களுக்கு முத்திரையோடு பட்டியல் வாங்குங்கள். கடன் முடிந்த 30 நாளில் அவற்றைத் திருப்பித் தராவிட்டால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் வங்கி தர வேண்டும்.

அப்புறம் நவம்பர். ஸ்பர்ஷில் வருடாந்திர அடையாளச் சரிபார்ப்பை மறந்தால் பென்ஷன் நின்றுவிடும், தவணை திரும்பிவிடும், சிபிலும் விழும். எனக்கு நவம்பர் முதல் வாரம் போனில் அலாரம் அடிக்கும். அது போக, தவணைக் கணக்கில் இரண்டு மாதத் தொகை எப்போதும் கிடக்கும்.