ஹீல்-அண்ட்-டோ: குதிகாலில் கவனம் வைத்து பிரேக்கைக் கோட்டை விடாதீர்கள்

வலது காலால் பிரேக்கைப் பிடித்தபடியே, அதே காலின் குதிகாலால் ஆக்சிலேட்டரைத் தட்டி எஞ்சின் வேகத்தை ஏற்றி, கீழ் கியருக்கு இறங்குவதுதான் ஹீல்-அண்ட்-டோ. சென்னை மூலக்கடை மேம்பாலத்தில் இறங்கும்போது ஒருமுறை இந்த வித்தையைக் காட்டப் போனேன். காலில் ரப்பர் செருப்பு, அதுவும் மழையில் நனைந்தது. பாதத்தின் முன்பகுதி பிரேக்கில் இருக்க, குதிகாலால் ஆக்சிலேட்டரைத் தட்டப் பார்த்தேன். செருப்பு வழுக்கி மொத்தக் காலும் பிரேக்கில் இறங்கிவிட்டது. வண்டி தலையைக் குத்தி நின்றது. பின்னால் வந்த ஷேர் ஆட்டோக்காரர் பக்கத்தில் ஒட்டி, "இன்னா சார், டான்ஸ் ஆடிக்கினு போறே?" என்றார். சரியாகத்தான் கேட்டார்.

குதிகாலை நினைத்து பிரேக்கை மறப்பதுதான் முதல் தவறு. இது பிரேக் பிடிக்கிற வேலை. ஆக்சிலேட்டரைத் தட்டுவது அதற்கு நடுவில் நடக்கும் சில்லறை வேலை. குதிகால் அசையும்போது பிரேக் அழுத்தம் கூடவோ குறையவோ கூடாது. அது ஏறி இறங்கினால் வண்டி முன்னும் பின்னும் ஆடும், வளைவுக்குள் நுழையும்போது முன் டயரின் பிடி கெடும். மெதுவாகப் போகும்போது பழகுவதும் இதே குழப்பத்தில்தான் முடியும். லேசாக மிதித்தால் பிரேக் பெடல் மேலேயே நிற்கும், குதிகால் ஆக்சிலேட்டருக்கு எட்டாது. ஓங்கி மிதித்தால்தான் இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வரும். பெயரில் குதிகால் இருந்தாலும் பல கார்களில் பாதத்தின் வெளி ஓரத்தால் உருட்டித் தட்டுவதுதான் சுலபம்.

"கியர் பாக்ஸில்தான் சின்க்ரோமெஷ் இருக்கிறதே, எதற்கு இந்தப் பாடு?" என்று கேட்பார்கள். சின்க்ரோமெஷ் கியர் பாக்ஸுக்குள் இருக்கும் பற்களைத்தான் ஒத்துப்போக வைக்கும். எஞ்சினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் உள்ள வேக வித்தியாசத்தை கிளட்ச் தேய்ந்துதான் சரிக்கட்டும். 3-வது கியரின் விகிதம் 1.3, 2-வது 1.9 என்று வைத்துக்கொள்வோம். 3-வதில் 3000 ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் சுற்று) என்றால், அதே வேகத்தில் 2-வதுக்கு ஏறக்குறைய 4400 வேண்டும். அந்த 1400-ஐ ஆக்சிலேட்டரில் தட்டிக் கொடுக்காமல் கிளட்சைப் படாரென்று விட்டால், எஞ்சினோடு பிணைந்த சக்கரம் ஒரு நொடி பிடி விடும். ஈரச் சாலையில் கேட்கவே வேண்டாம்.

இதைவிடப் பெரிய செலவு, வேகம் குறையும் முன்பே கீழ் கியருக்கு இறங்குவது. அதே கணக்கில் 5500-இல் இறக்கினால் எஞ்சின் 8000-ஐத் தொடும். எஞ்சின் அளவு மீறிச் சுற்றாமல் தடுக்கும் ரெவ் லிமிட்டர் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். அது எரிபொருளைத்தான் நிறுத்தும். இங்கே எஞ்சினைச் சுற்றுவது சக்கரம். வால்வு பிஸ்டனில் இடித்தால் முழு எஞ்சினையும் பிரிக்க வேண்டியதுதான். முதலில் பிரேக், அப்புறம் கியர்.

புதிய கார்கள் பலவற்றில் இரண்டு பெடலும் ஒன்றாக அழுத்தப்பட்டால் கம்ப்யூட்டர் ஆக்சிலேட்டரை அடக்கிவிடும். நாம் தட்டுவோம், எஞ்சின் கேட்காது. அது காலின் பிழை இல்லை.

எஞ்சின் பிரேக்கிங்கை, அதாவது கியரை இறக்கி எஞ்சினாலேயே வேகத்தைக் குறைப்பதை, பிரேக்குக்கு மாற்றாக நினைப்பது இன்னொரு தவறு. பிரேக் பேட் தேய்வதை மிச்சம் பிடிக்கிறேன் என்று கிளட்சைத் தேய்ப்பது லாபமில்லை. பிரேக் பேட் மாற்றுவது சின்ன வேலை. கிளட்ச் மாற்ற கியர் பாக்ஸையே இறக்க வேண்டும். அதற்காக மேம்பால இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டாதீர்கள். கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரை விட்டால் இன்ஜெக்‌ஷன் வண்டி அந்த நேரம் எரிபொருளையே நிறுத்திவிடும். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும்.

ஒரு காலத்தில் இதையெல்லாம் செய்துபார்க்க சோழவரத்தில் பழைய விமான ஓடுதளம் இருந்தது, ரேஸே அங்கேதான். இன்று அதற்கான இடம் இருங்காட்டுக்கோட்டை டிராக். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்கு நடுவில் வேண்டாம். அங்கே கியரை இறக்கி மட்டும் வேகத்தைக் குறைத்தால், பிரேக் விளக்கு எரியாது. பின்னால் வரும் டிரெய்லர் டிரைவருக்கு நீங்கள் மெதுவாவது தெரியவே தெரியாது. பிரேக்கை லேசாகத் தொட்டு விளக்கை எரிய விட்டு, பிறகு கியரை இறக்குங்கள்.