மும்பை மழைக்கு ஏற்ற விளையாட்டு மாவு

கொழுக்கட்டைக்கு மேல்மாவு கிளறத் தெரிந்தவர்களுக்கு, குழந்தைகள் உருட்டி விளையாடும் இந்த மாவு புது வேலையே இல்லை. மைதாவில் உப்பும் தண்ணீரும் விட்டுப் பச்சையாகப் பிசைந்து கொடுத்தால், மாட்டுங்காவிலோ செம்பூரிலோ மழை பிடித்தபின் அது ஓரிரு நாளில் கொழகொழத்துவிடும். அடுப்பில் கிளறுங்கள். மாவு வெந்தால் தண்ணீரைத் தனக்குள் பிடித்துக்கொள்ளும். கையில் ஒட்டாது, நாளும் தாங்கும்.

240 மி.லி. கப்பில் மைதா 1 கப், தூள் உப்பு அரை கப், தண்ணீர் 1 கப், எண்ணெய் 1 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி. கல்லுப்பு முழுதாகக் கரையாமல் நறநறக்கும். கோதுமை மாவு பழுப்பாக வரும், நிறம் எடுபடாது.

வெதுவெதுப்பான தண்ணீரில் உப்பை முடிந்தவரை கரைத்து, சாறு, எண்ணெய், உணவு நிறம் சேருங்கள். மைதாவைக் கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பைப் பற்றவையுங்கள். நான்ஸ்டிக் வாணலி நல்லது. புளிப்பும் உப்பும் அலுமினியத்தை அரிக்கும். சிறுதீயில் முதலில் கூழாக இருக்கும், பிறகு அடியில் திட்டுத் திட்டாகத் திரளும். அங்கே பயந்து இறக்கிவிடாதீர்கள். மொத்தமும் ஒரே உருண்டையாகச் சுருண்டு வாணலியை விட்டு வர வேண்டும். நாலைந்து நிமிடம் ஆகும். ஒரு துளி கிள்ளி உருட்டினால் ஈரப் பளபளப்பு இருக்கக்கூடாது, விரலில் ஒட்டக்கூடாது. கை பொறுக்கும் சூட்டில் நன்றாகப் பிசைந்தால்தான் வழவழப்பு வரும்.

ஒட்டுகிறதே என்று மைதா தூவாதீர்கள். அது வேகாத மாவு, சீக்கிரம் கெடுக்கும். திரும்ப ஒரு நிமிடம் கிளறினாலே போதும். உதிர்ந்தால் கையை நனைத்துக்கொண்டு பிசையுங்கள். பீட்ரூட் சாறு சூட்டில் மங்கும் என்பதால் இறக்கியபின் சேருங்கள், அந்த அளவுக்குத் தண்ணீரை முதலிலேயே குறைத்து. மஞ்சள்தூள் அருமையான நிறம்தான், ஆனால் சட்டையில் கறை எளிதில் போகாது.

இதன் எடையில் கால் பங்குக்கு மேல் உப்பு. எலுமிச்சை அளவு உருண்டையிலேயே சுமார் 10 கிராம் இருக்கும். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எதையும் வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு இதைத் தரவே வேண்டாம். உப்பில்லாத சப்பாத்தி மாவைக் கொடுத்து அன்றே எறிந்துவிடுங்கள். கோதுமை ஒவ்வாமை இருந்தால் இரண்டுமே கூடாது.

இரண்டு, இரண்டரை வயதில் கிள்ளுவதும் குத்துவதுமே விளையாட்டு. பொம்மை செய்து காட்டி அவசரப்படுத்தாதீர்கள். மூன்று வயதுக்குப் பிறகு பாம்பு உருட்டி அதை வளைத்து 'ட', 'ப' எழுதலாம். இவை நேர்கோடுகள், சுலபம். 'அ' கொஞ்சம் பொறுக்கட்டும். முறுக்கு அச்சைப் பிழியச் சின்னக் கைக்குப் பலம் போதாது, சப்பாத்திக் குழவியும் பாட்டில் மூடியும் போதும்.

காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு ஈரத்தை இழுக்கும். மும்பை மழைக்காலத்தில் அது அன்றாடம். அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை உப்பைக் கப்பில் மூன்றில் ஒரு பங்காகக் குறைத்து, கொஞ்சமாகச் செய்து, இறுக மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். உப்பு குறைந்தால் பூஞ்சை சீக்கிரம் வரும். ஒரு புள்ளி தெரிந்தாலும் மொத்தத்தையும் எறியுங்கள். சிங்க்கில் கரைத்தால் குழாய் அடைக்கும். தெரு நாய் தின்றால் அதன் உயிருக்கே ஆபத்து, கவரில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள்.